ஒரே அடுப்பு

கொங்கு நாட்டு நாவலைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிற யாரும் முதலில் எடுத்துக்கொள்வது ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. 1942-ல் வந்த புத்தகம். புருஷனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறாள். அந்த ஒரு கேள்வி ஊரையெல்லாம் கிளறிவிட்டுக் கடைசியில் கொலையில் போய் முடிகிறது. கொங்கு நாட்டு நாவல் பாகப்பிரிவினையோடு பிறந்தது என்று சொல்லலாம்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் போகிற ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனால் விஷயம் புரிந்துவிடும். வெறும் புல் முளைக்கிற கொறங்காட்டுக்குக்கூடக் கிளுவை வேலி. வேலிக்குள்ளே நிற்கிற நாலு வெள்வேல மரமும், அதன் நிழலில் அசைபோடுகிற மாடும் ஒருவனுக்குச் சொந்தம். வேலிக்கு இந்தப் பக்கம் இன்னொருவனுக்கு. பொதுவாக இருப்பது கிணறு ஒன்றுதான். அதிலும் பங்கு உண்டு, முறை உண்டு. என் முறை நாளில் நான் இறைத்துக்கொள்வேன். உன் முறை வரும்வரை நீ வானத்தைப் பார்த்துக்கொண்டிரு. அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள் என்பதற்கு ஊரில் பத்திரம், கோர்ட்டு எல்லாம் பேச வேண்டியதில்லை. அடுப்பு வேறாகிவிட்டது என்றால் போதும்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு கூட்டு வாழ்க்கையைப் பற்றிய புத்தகங்களைப் படிப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இந்த ஊர் மனசு லட்சியத்தைக் கேட்டதும் உருகிவிடாது. நிலம் யார் பேரில் இருக்கிறது, தண்ணீர் யார் சேந்துகிறார்கள், எச்சில் பாத்திரத்தை யார் கழுவுகிறார்கள் என்று கேட்கும். விமர்சகனுக்கு இதைவிட நல்ல கேள்விகள் கிடையாது. இரண்டு புத்தகங்களை இந்தக் கேள்விகளோடு படித்தேன். ஒன்று காந்திஜியின் ‘தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகம்’, அதிலும் டால்ஸ்டாய் பண்ணையைப் பற்றிய அத்தியாயங்கள். மற்றொன்று ஜோஸப் பராட்ஸ் என்கிற யூதர் எழுதி 1954-ல் இங்கிலீஷில் வந்த ஒரு நூல். ஜோர்தான் நதிக்கரையில் தானும் நண்பர்களும் ஏற்படுத்திய டெகானியா என்ற கூட்டுக் குடியிருப்பின் கதையை அவர் சொல்கிறார்.

இரண்டையும் சேர்த்துப் படிக்கக் காரணம் இருக்கிறது. இரண்டு வீடுகளும் 1910-ம் வருஷத்தில் தொடங்கப்பட்டவை. டால்ஸ்டாய் பண்ணை மே மாதம் 30-ம் தேதி. டெகானியா அக்டோபர் மாதக் கடைசியில். டெகானியாவை ஆரம்பித்தவர்கள் ரஷ்ய ராஜ்யத்திலிருந்து தப்பி வந்த 10 இளைஞர்களும் 2 பெண்களும். எல்லோருக்கும் ஏறக்குறைய இருபது வயது. டால்ஸ்டாய் பண்ணைக்கு நிலம் கொடுத்தவரும் ஒரு யூதர்தான்: ஹெர்மன் காலன்பாக். ஜோஹான்னஸ்பர்க்கில் நல்ல வரும்படியுள்ள கட்டிடக் கலைஞர். 1945-ல் அவர் இறந்த பிறகு அவருடைய அஸ்தியைக் கொண்டுபோய்ப் புதைத்த இடம் டெகானியா. எந்த நாவலாசிரியனாவது இப்படி ஒரு முடிச்சைக் கற்பனை செய்து போட்டிருந்தால், செயற்கையாக இருக்கிறது என்று நானே எழுதியிருப்பேன்.

முதலில் காந்திஜியின் புத்தகம். இதன் பெரும்பகுதியை 1923-ல் எரவாடா சிறையில், கையில் குறிப்பு எதுவும் இல்லாமல் ஞாபகத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஞாபகத்திலிருந்து எழுதுகிறவர்கள் பொதுவாக உணர்ச்சியை வைத்துக்கொண்டு விவரத்தை நழுவ விட்டுவிடுவார்கள். காந்திஜியிடம் அது தலைகீழாக இருக்கிறது. நிலம் 1,100 ஏக்கர். ஜோஹான்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல். லாலி ரெயில்வே ஸ்டேஷனிலிருந்து ஒரு மைல். ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள். இரண்டு கிணறு, ஓர் ஊற்று. சுமார் 40 இளைஞர்கள், இரண்டு மூன்று கிழவர்கள், ஐந்து பெண்கள், இருபது முப்பது குழந்தைகள். ஜெயிலுக்குப் போன சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் இவை. காலை 6 மணிக்கு ரொட்டியும், கோதுமையை வறுத்துச் செய்த ‘காபி’யும், 11 மணிக்குச் சோறும் பருப்பும் காய்கறியும், மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், இல்லாவிட்டால் மறுபடி ரொட்டி. இதையெல்லாம் ஒரு கணக்குப் பிள்ளையின் நிதானத்தோடு சொல்லிக்கொண்டு போகிறார்.

நம்முடைய நாவல்களில் ஆசிரமம் எப்போது வரும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசி அத்தியாயத்தில் வரும். காதல் கைகூடாத கதாநாயகியோ, மனம் திருந்திய மிராசுதாரின் மகனோ போய்ச் சேருகிற இடமாக வரும். ஆற்றங்கரை, மாமரம், ராட்டைச் சத்தம், சாயங்காலப் பிரார்த்தனை. அங்கே யாருக்கும் பசிப்பதில்லை. கக்கூஸ் என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. காந்திஜியின் பண்ணையில் குழி வெட்டி மலத்தைப் புதைப்பது எப்படி என்று ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. ஆசிரமத்தை நாவலாசிரியர்கள் அலங்காரமாக எழுதிக்கொண்டிருந்தபோது, ஆசிரமத்தை ஏற்படுத்தியவர் அதை யதார்த்தமாக எழுதியிருக்கிறார்.

பண்ணை ஏன் ஏற்பட்டது என்பதற்கு அவர் சொல்லும் காரணமும் வெகு லௌகிகமானது. ஜெயிலுக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு அவரவர் தேவைக்கு ஏற்றபடி பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவை என்பதை யார் அளப்பது? உண்மை சொல்கிறவன் குறைவாகப் பெறுவான். கூட்டிச் சொல்கிறவன் அதிகம் பெறுவான். ஆகவே எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்து ஒரே அடுப்பில் சமைத்துப் போட்டுவிடுவது என்று தீர்மானித்தார். ஒரே அடுப்பு என்றால் மாமிசம் உண்டா இல்லையா? ஹிந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பார்ஸிகள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். மாட்டிறைச்சி கேட்டால்கூடக் கொடுத்தாக வேண்டியதுதான் என்பது அவர் முடிவு. புருஷனோ பிள்ளையோ ஜெயிலில் இருக்கும் பெண்களிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவர்களே வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்கள். நியாயத்துக்காகக் கட்டுகிற வீட்டில் சமையல் என்ன என்பதைச் சாப்பிடுகிறவர்களைக் கேட்டுத் தீர்மானித்த இந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கேட்டவர் காந்திஜி. அவர் வந்து கேட்டால் எத்தனை பேருக்கு மறுக்க வாய் வரும்? அந்தப் பெண்களில் ஒருத்தி அன்றிரவு படுத்துக்கொண்டு என்ன நினைத்தாள் என்று புத்தகத்தில் இல்லை. நாவலுக்கு வேலை ஆரம்பமாகிற இடம் அதுதான்.

இந்தக் கேள்வி முற்றி நிற்பது தலைமயிர் சம்பவத்தில்.

பண்ணையில் பையன்களும் பெண்களும் சேர்ந்தே படித்தார்கள். ஊற்றில் ஒரே நேரத்தில் குளித்தார்கள். திறந்த தாழ்வாரத்தில் காந்திஜியைச் சுற்றி இடம் பிரித்துப் படுத்துக்கொண்டார்கள். தாயின் கண்ணைப் போலத் தன் கண் அவர்களைத் தொடர்ந்துகொண்டே இருந்தது என்கிற பொருளில் அவர் எழுதுகிறார். ஒரு நாள் ஒரு பையன் இரண்டு பெண்களைக் கேலி செய்தான் என்ற செய்தி வந்தது. பையன்களைக் கண்டித்தார். அது போதவில்லை என்று தோன்றியது. யாரும் அந்தப் பெண்களைக் கெட்ட கண்ணால் பார்க்காதபடி அவர்கள் மேலேயே ஓர் அடையாளம் வேண்டும் என்று இரவெல்லாம் தூங்காமல் யோசித்தார். காலையில் அந்தப் பெண்களிடம் தங்கள் நீண்ட கூந்தலைக் கத்தரித்துக்கொள்ளச் சொன்னார். முதலில் அவர்கள் சம்மதிக்கவில்லை. பெரிய பெண்களிடம் பேசினார், அவர்களாலும் தாங்க முடியவில்லை, பிறகு இசைந்தார்கள். பெண்களும் இசைந்தார்கள். இதை எழுதுகிற இதே கைதான் கத்தரியைப் பிடித்தது என்று அவரே சொல்கிறார். அதற்குப் பின் கேலி என்ற பேச்சே எழவில்லையாம். அந்தப் பெண்கள் நஷ்டப்படவில்லை, எவ்வளவு லாபம் அடைந்தார்களோ கடவுளுக்குத்தான் தெரியும் என்பது அவருடைய தீர்ப்பு.

நான் இந்தப் பக்கத்தைப் பல தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் புத்தகத்தின் மேல் கோபமும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன. கோபம் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. கேலி செய்தவன் தலைமயிர் தலையிலேயே இருந்தது; கேலிக்கு ஆளானவர்கள் தலைமயிர் போயிற்று. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் தலைமயிரை எடுப்பதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கைம்பெண்களைப் பார்த்து வளர்ந்த பெரிய பெண்களுக்கு நெஞ்சு துணுக்குற்றிருக்கும். அந்த இரண்டு பெண்களின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. எழுதும்போது அவர்களில் ஒருத்தி இறந்துவிட்டாள் என்ற செய்தி மட்டும் கிடைக்கிறது.

மரியாதை எதற்கு? இந்தச் சம்பவத்தை அவர் எழுதாமல் விட்டிருக்கலாம். வேறு யாரும் எழுதியிருக்கப் போவதில்லை. எழுதினார். முதலில் சம்மதிக்கவில்லை என்பதையும் எழுதினார். பெரிய பெண்களுக்குப் பொறுக்கவில்லை என்பதையும் எழுதினார். யாரும் இதைப் பார்த்துச் செய்யக் கூடாது, செய்கிற ஆசிரியர் பெரிய ஆபத்தைத் தலையில் போட்டுக்கொள்கிறார் என்றும் சேர்த்து எழுதினார். தன் தீர்ப்புக்கு எதிரான சாட்சியங்களைத் தானே அடுக்கி வைத்துவிட்டு, தீர்ப்பை மட்டும் மாற்றாமல் விட்டுவிடுகிற ஆசிரியர் இவர். வாசகன் வேறு தீர்ப்புக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு வேண்டிய எல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. இந்த நேர்மையில் பாதி இருந்தால் நம் நாவலாசிரியர்கள் பலர் தேறிவிடுவார்கள்.

இங்கே ஸோன்யா ஷ்லெஸினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரும் யூதப் பெண்தான். 1888-ல் மாஸ்கோவில் பிறந்தவர். பதினேழு வயது வாக்கில் காலன்பாக் மூலமாகக் காந்திஜியின் ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். 1913 போராட்டத்தில் தலைவர்கள் எல்லோரும் ஜெயிலுக்குப் போனபோது பணம், கடிதம், ஆட்கள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டவர் இவர். கோகலே தென்னாப்பிரிக்காவுக்கு வந்துவிட்டுப் போகும்போது அங்கே பார்த்த எல்லோரிலும் முதல் இடம் இவருக்கு என்று சொன்னதாகக் காந்திஜி பதிவு செய்கிறார். பத்து பவுனுக்கு மேல் சம்பளம் வாங்க மாட்டேன் என்றவர். காந்திஜியிடமே நேருக்கு நேர் சண்டை போடக்கூடியவர். அவர் தலைமயிரைக் குட்டையாகக் கத்தரித்துக்கொண்டு, சட்டைக் காலரும் டையுமாக வருவார். தானாகக் கத்தரித்துக்கொண்ட தலை ஒன்று அதே கூட்டத்தில் நடமாடிக்கொண்டிருந்தது! காந்திஜி அவரை எவ்வளவோ பாராட்டுகிறார். அந்த அத்தியாயத்தில் மட்டும் அவரைக் காணோம். பண்ணையில் அன்றைக்கு அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பது நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு சபலம்.

காலன்பாக்கைப் பொறுத்தவரை, காந்திஜிக்கே தெரியாமல் அவருக்குள்ளிருந்த நாவலாசிரியர் வெளியே வந்துவிடுகிறார். வீட்டு வாடகை நீங்கலாகத் தனக்கென்று மாதம் 1,200 ரூபாய் செலவு செய்துகொண்டிருந்தவர், 120 ரூபாய்க்கு இறங்கினார். டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கட்டிடக் கலைஞர் கையால் தகர வீடுகள் எழும்பின. பாம்புகளைக் கொல்லக் கூடாது என்பதற்காகப் பாம்பைப் பற்றிய புத்தகங்களைச் சேர்த்துப் படித்தார். ஒரு நாகத்தைப் பிடித்துக் கூண்டில் வைத்துத் தன் கையாலேயே தீனி போட்டார். பயம் போனதா இல்லையா என்று இரண்டு நண்பர்களும் விவாதிக்கிறார்கள். பாம்பு ஒரு நாள் கூண்டிலிருந்து போய்விடுகிறது. இவ்வளவுதான் கதை. சிறுகதையாக எழுதினால்கூட இதற்குமேல் ஒரு வரி சேர்க்கக் கூடாது.

இன்னொன்று: அந்த வீட்டில் ‘இது சரியில்லை’ என்று சொல்கிற குரல் காலன்பாக்கினுடையதுதான். போக்கிரிப் பையன்களோடு உங்கள் பிள்ளைகளையும் சேர்த்து வைக்கிறீர்களே, அவர்கள் கெட்டுப்போக மாட்டார்களா என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். காந்திஜி பதில் சொல்கிறார். பதில் நல்ல பதில். ஆனால் கேள்வி கேட்கப்பட்டதே, அதுதான் முக்கியம். மில்லி போலக்கும் அப்படித்தான். 1904-ல் ரஸ்கினின் புத்தகத்தைக் காந்திஜி கையில் கொடுத்து பீனிக்ஸ் குடியிருப்புக்குக் காரணமாயிருந்த ஹென்றி போலக் என்ற யூத இளைஞரின் மனைவி அவர். 1931-ல் காந்திஜியைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் முழுவதும் வீட்டுக்குள் நடந்த வாக்குவாதங்கள்தான். ஐரோப்பிய நண்பர்களுக்கு எதிர்த்துப் பேசுகிற பழக்கம் இருந்தது. பேசியது எழுத்தில் நிற்கிறது. தமிழ்ப் பெண்களுக்கும் பேசத் தெரியும். எழுதி வைக்க யாரும் இல்லை.

இந்த வருத்தம் வீண் வருத்தமல்ல. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த 11 பெண்கள் 1913-ல் எல்லையைத் தாண்டி, நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், கூலிகளை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பினார்கள். அந்த வேலைநிறுத்தம்தான் போராட்டத்தையே திருப்பியது. பதினோரு பேரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் தமிழர்கள். ஆறு பேர் கைக்குழந்தையோடு போனார்கள். மூன்று மாதம் கடுங்காவல். காந்திஜி அவர்களுடைய பட்டியலைக் கொடுக்கிறார், நன்றியோடுதான். ஆனால் ஒன்பது பேர் இன்னாருடைய மனைவி என்றுதான் அதில் இருக்கிறார்கள். தம்பி நாயுடுவின் மனைவி என்றால் நமக்கு யார் தெரியும்? வீரம்மாள் என்ற பெயரைப் பிற்காலத்து ஆராய்ச்சியில்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பதினாறு வயதில், 1914 பிப்ரவரி 22-ல் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மைக்கு மட்டும் ஒரு பெயரும் ஒரு பத்தியும் கிடைத்தன. பெயர் கிடைப்பதற்குச் சாக வேண்டியிருந்தது.

இனி டெகானியா.

பராட்ஸ் பெரிய எழுத்தாளர் அல்ல. ருஷியாவிலிருந்து சிறு பிள்ளையாகக் கப்பலேறி வந்து, கல் உடைத்து, ஏர் பிடித்து, கொசுக்கடியில் மலேரியாவோடு மல்லாடி, வயதான பிறகு உட்கார்ந்து சொல்கிற மனிதர். காந்திஜியின் துல்லியம் இவரிடம் கிடையாது. ஆனால் இவருடைய புத்தகத்தில் காந்திஜியிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. இதில் தலைவர் இல்லை. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். முடிவுக்கு வர முடியாமல் மறுநாள் ராத்திரியும் பேசுகிறார்கள். கூலிக்கு ஆள் வைப்பதில்லை, சொந்தப் பணம் வைத்துக்கொள்வதில்லை, எல்லோரும் உழைப்பது என்பதெல்லாம் சுலபமாகத் தீர்மானமாகிவிடுகிறது. கஷ்டம் மாட்டுக்கொட்டகையில் ஆரம்பிக்கிறது.

மிரியம் என்ற பெண்ணுக்குச் சமையலறையும் துணி துவைக்கிற தொட்டியும் பிடிக்கவில்லை. மாடு கறக்க வேண்டும் என்றாள். சமத்துவத்துக்காகக் கடல் தாண்டி வந்த இளைஞர்கள் அது பெண்கள் வேலையில்லை என்றார்கள். (எங்கள் காங்கேயம் பக்கத்துப் பெண்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே பால் கறக்காத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டமாக இருந்த காலம் ஒன்று உண்டு.) மிரியம் பக்கத்து அரபுக் கிராமத்துப் பெண்களிடம் ரகசியமாகப் போய்க் கறக்கக் கற்றுக்கொண்டு வந்து கறந்து காட்டினாள். அந்தக் கொட்டகை பல பத்து வருஷங்களுக்கு அவள் பொறுப்பில் இருந்தது. இந்த மிரியம்தான் பராட்ஸின் மனைவி. 1913-ல் அவளுக்குக் குழந்தை பிறந்தது. டெகானியாவில் பிறந்த முதல் குழந்தை. குழந்தையை எங்கே விடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவளோ மாட்டையும் விடவில்லை, குழந்தையையும் விடவில்லை. குழந்தையைக் கொட்டகைக்கே தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த பெண்களுக்கும் குழந்தை பிறந்தபோது மறுபடி ராத்திரிக் கூட்டம். குழந்தை வளர்ப்பது தாயின் தனிப் பாடா, எல்லோருடைய பொறுப்பா? எல்லோருடைய பொறுப்பு, குழந்தையில்லாத பெண்ணுக்கும் அதில் பங்கு உண்டு என்று ஜோஸப் புஸெல் என்ற இளைஞர் வாதித்தார். ஆண்களுக்கு எவ்வளவு பங்கு என்பதில் சமத்துவம் சற்றுத் தயங்கி நின்றுவிட்டது என்று தெரிகிறது. இருந்தாலும், தலைமயிரையும் மாட்டுக்கொட்டகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் இளம்பெண்ணின் இக்கட்டு பெரியவர் ஒருவர் தூங்காத இரவில் தீர்ந்தது. மற்ற வீட்டில் பெண்ணே பிடிவாதம் பிடித்துத் தீர்த்துக்கொண்டாள். முதல் வீடு இரண்டரை வருஷத்தில் வேலை முடிந்து கலைந்தது. இரண்டாவது நூறு வருஷம் தாண்டி இருக்கிறது. இதிலிருந்து நான் எந்தச் சூத்திரத்தையும் உண்டாக்கப் போவதில்லை. டால்ஸ்டாய் பண்ணை ஒரு போராட்டத்துக்காக ஏற்பட்ட பாசறை. டெகானியா குடியேறி வாழ்வதற்காக ஏற்பட்ட ஊர். இரண்டையும் ஒரே தராசில் போடுவது நியாயமில்லை.

தராசு என்றால் பராட்ஸையும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். வெள்ளகோவில்காரனின் முதல் கேள்வி நிலத்தைப் பற்றியது. டெகானியா எழுந்த இடத்தில் உம் ஜூனி என்ற அரபுக் கிராமம் இருந்தது. யூத தேசிய நிதி விலை கொடுத்து வாங்கிய நிலம். பத்திரம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பத்திரம் சரியாக இருப்பதாலேயே கிராமத்தில் இருந்தவர்கள் கதையிலிருந்து போய்விடுவார்களா? பாகப்பிரிவினைக்காக வெட்டிக்கொண்டு செத்த ஊர்க்காரனுக்கு இது உறுத்தும். மிரியத்துக்குப் பால் கறக்கக் கற்றுக்கொடுத்த அரபுப் பெண்கள் ஒரு பத்தியில் வந்துவிட்டுப் போகிறார்கள். வேலிக்கு உள்ளே இவ்வளவு நுட்பமாக நியாயம் பேசுகிற புத்தகம், வேலிக்கு வெளியே இருப்பவர்களை நல்ல அண்டை வீட்டார், கெட்ட அண்டை வீட்டார் என்று இரண்டாகப் பிரித்துவிட்டுப் போய்விடுகிறது. 1948 மே மாதம் சிரியா ராணுவத்தின் டாங்கிகள் டெகானியா வாசலுக்கே வந்ததை எழுதும்போது அவர் நன்றாக எழுதுகிறார். சொந்த வீட்டைக் காப்பாற்றுகிறவனின் குரல் அது. அண்டை ஊர்க்காரர்கள் அந்த வருஷத்தில் என்ன ஆனார்கள் என்பதற்கு அந்தக் குரல் எட்டவில்லை.

இந்த இடத்தில் காலன்பாக்கை மறுபடியும் நினைத்துக்கொள்கிறேன். 1937-ல் அவர் இந்தியாவுக்கு வந்து பழைய நண்பரோடு தங்கினார். யூதர்களின் தாயக ஆசையை அவருக்கு விளக்குவதும் வந்த காரியங்களில் ஒன்று. 1938 நவம்பரில் காந்திஜி ‘ஹரிஜன்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரை, பாலஸ்தீனம் அரபுகளுடையது என்றது. ஜெர்மனி யூதர்களைச் சத்தியாக்கிரகம் செய்யச் சொன்னது. அடுத்த வருஷம் காலன்பாக் மறுபடியும் வந்தார். தன்னோடு தங்கியிருக்கும் ஒரு யூத நண்பருக்கு அஹிம்சையில் நம்பிக்கை உண்டு, ஆனால் ஹிட்லருக்காகப் பிரார்த்தனை செய்ய மட்டும் தன்னால் முடியாது என்கிறார் என்று காந்திஜி எழுதினார். பாம்புக்குத் தன் கையால் தீனி போட்ட மனிதர் சொன்ன பதில் அது. 1,100 ஏக்கரைக் கொடுக்க முடிந்தவரிடம் அதற்குமேல் கேட்பதற்கு யாருக்கு உரிமை? காந்திஜி வற்புறுத்தவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சிநேகம் அதைத் தாங்கிக்கொண்டது.

நம் பக்கத்தில் இப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925 பிப்ரவரியில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்தார். தாழ்த்தப்பட்டவர்களையும் கூட வைத்துக்கொண்டு ஆரம்பித்ததில் சுற்று ஊர்களுக்கு முகம் சுளித்தது. அதே ஆசிரமத்தில் உட்கார்ந்துதான் கல்கி ‘விமோசனம்’ பத்திரிகையில் மதுவிலக்குக்காக வேலை பார்த்தார். கொங்கு நாட்டுக் கூட்டு வீடு ஒன்றில் தமிழின் பெரிய தொடர்கதை ஆசிரியர் குடியிருந்திருக்கிறார்! சோழ ராஜாக்களையும் பல்லவ ராஜாக்களையும் அத்தனை சுவாரஸ்யமாக எழுதின பேனா, அந்தச் சமையலறையையும் ஒரு நாவலுக்கு எடுத்துக்கொண்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்! யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யார் முதல் நாள் சாப்பிடாமல் எழுந்து போனார்கள், பிறகு எப்போது திரும்பி வந்தார்கள் என்பதில் ஒரு ‘அலை ஓசை’க்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

இங்கேதான் டால்ஸ்டாய் பண்ணையின் ஒரு விதி எங்கள் ஊர்க்காரனைச் சுடும்: வேலைக்காரன் கிடையாது. கொங்கு நாட்டுப் பண்ணையம் என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பண்ணையாள் நின்றுகொண்டிருந்தான். கவுண்டரின் உழைப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம், பெருமைப்படத்தான் வேண்டும். விடியற்காலையில் அவருக்கு முன்னால் எழுந்து கட்டுத்தறி கூட்டினவனைப் பற்றிப் பேசப் பல காலம் ஆயிற்று. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000-ல் வந்தபோதுதான் ஆடு மேய்க்கிற பண்ணையத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்து நாவலில் நடு இடம் கிடைத்தது. ‘நாகம்மாள்’ நிலத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டது. ‘கூளமாதாரி’ பங்கே இல்லாதவர்களைக் காட்டியது. இரண்டுக்கும் நடுவில் 58 வருஷம்.

டெகானியாவிலும் காலம் சும்மா இருக்கவில்லை. 2007-ல் அங்கத்தினர்கள் ஓட்டுப் போட்டு, அவரவர் வேலைக்கு ஏற்ற வெவ்வேறு சம்பளம் என்று மாற்றிக்கொண்டார்கள். பத்திரிகைகளில் சிலர் துக்கம் கொண்டாடினார்கள். சிலர் அப்போதே சொன்னோமே என்றார்கள். எனக்கு இரண்டிலும் சம்மதமில்லை. தொண்ணூற்றேழு வருஷம் பொதுப் பணத்தில் வாழ்ந்து பார்த்துவிட்டு, அதையும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பேசித்தான் மாற்றியிருக்கிறார்கள். அடுப்பு பிரிந்தபோதும் அங்கே அரிவாள் எழவில்லை என்பதைக் கொங்கு நாட்டு வாசகர் கவனிக்கலாம்.

இந்த இரண்டு புத்தகங்களும் எனக்குள் கிளப்பிவிட்ட ஒரு நாவல் இருக்கிறது. நான் எழுதுவேனோ, வேறு யாராவது எழுதுவார்களோ. அதில் காந்திஜி நாயகர் அல்ல. தாழ்வாரத்தில் நடு இடத்தில் படுத்திருக்கும் பெரியவர், அவ்வளவுதான். தகர வீட்டில் காலை 6 மணிக்கு வறுத்த கோதுமை வாசனை வருகிறது. மத்தியானம் வகுப்பு. போப் துரை எழுதிய தமிழ்ப் பாடப் புத்தகத்தைத் தாண்டாத தன் தமிழை வைத்துக்கொண்டு, தென்னாப்பிரிக்காவில் பிறந்து எழுத்தே தெரியாத தமிழ்க் குழந்தைகளுக்குக் காந்திஜி எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் உச்சரிப்பைக் கேட்டு வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நீளமான பின்னல். இரண்டு பேருக்கும் பெயர் உண்டு.